அறுபத்துநான்கு அம்புக்குறிகள்

வேரோனிக்கா கடைசியாகச் செய்த சாதாரண காரியம், மிஞ்சிய ஏழு கட்லட்டையும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் அடுக்கி, மூடி நான்கு பக்கமும் பூட்டியிருக்கிறதா என்று அமர்த்திப் பார்த்துத் தங்கையிடம் கொடுத்தது. பிறகு பஸ் எங்கே நிற்கும் என்று பார்க்க எழுந்து நடந்தார். பன்னிரண்டு நிமிடம் கழித்து அவர் உயிரோடு இல்லை. முப்பத்தோராம் நாள் காலை, அந்த ஏரிக்கரைப் பூங்காவிலும் அதற்குப் போகும் தெருக்களிலும் நாட்டியிருந்த அறுபத்துநான்கு வழிகாட்டிப் பலகைகளும் ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் இருக்கும் அவருடைய வீட்டைக் காட்டித் திரும்பி நின்றன. அந்தத் தங்கை நான். இதில் என்னைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

அது 2023 செப்ரெம்பர் பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆட்கள் வருடா வருடம் போகும் பார்பிக்யூ. ஏரிக்கு மேலே செங்குத்தாக நிற்கும் மண்மலையைப் பார்க்க உலகத்து மூலைகளிலிருந்து எல்லாம் ஆட்கள் வருவதால், கார் விட இடமில்லாமல், அந்த இடத்தை நடத்துகிற உல்லாசப் பயணச் சபை அந்த வருடம் இலவச பஸ் விட்டிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒன்று, வெள்ளை நிறம், பக்கத்தில் ஒரு நீலக் கொக்கு. பஸ்ஸோடு சேர்த்துப் புதுப் பலகைகளும் வந்தன. மண்ணிறப் பின்னணி, வெள்ளை எழுத்து, கீழே ஒரு அம்புக்குறி. அவற்றில் ஒன்றை, மேப்பிள் மரத்தடி வளைவில் நின்றதை, முன்பக்கம் பின்பக்கமாகப் பூட்டியிருந்தார்கள். பஸ் தரிப்பிடம் இடப்பக்கம் இருந்தது. அம்பு வலப்பக்கம் காட்டியது. வலப்பக்கப் பாதை முந்திய மாரியில் இடிந்து ஏரிக்குள் போன பாதை. அதற்குக் குறுக்கே ஒரு செம்மஞ்சள் வேலி இருந்தது. சபையின் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் பிடிக்க வந்தபோது, வேலி படத்தில் வடிவாக இல்லை என்று அதைக் கழற்றிவிட்டார்கள். திரும்பிக் கட்டவில்லை. விழுந்த உயரம் நாற்பது மீற்றர்.

பலகையைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சரியான பக்கம் திருப்பினார்கள். அந்த நேரத்தில் வேரோனிக்காவின் புருசன் செல்வரட்ணம் பிரேத அறைக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். மூன்று கிழமைக்குப் பிறகு சபையின் அறிக்கை தபாலில் வந்தது. பதினொரு பக்கம். நான்காம் பக்கத்தில் ஒரு வரி: பார்வையாளர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகினார்.

அந்த வரியை அகற்ற வேண்டும் என்பதைத் தவிர செல்வரட்ணம் வேறொன்றும் கேட்கவில்லை. வழக்கறிஞர்கள் தாமாகவே போன் எடுத்தார்கள், அவர் வைத்துவிட்டார். 1991இல் வேரோனிக்கா ஊரிலிருந்து வந்து இறங்கிய கிழமை, அப்போது பேக்கரி லொறி ஓட்டிக்கொண்டிருந்த அவர், மனைவிக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், இந்த நாட்டில் யாரையும் வழி கேட்கத் தேவையில்லை, பலகையைப் பார்த்து நட, அது பொய் சொல்லாது என்பதுதான். சண்டைக்கால ஊரில் வீதித்தடைக்கு வீதித்தடை நின்று, கேட்டுக் கேட்டுப் போன எல்லாரும் இங்கே வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வேரோனிக்கா அதை வேதம் போலப் பிடித்துக்கொண்டார். பனி கொட்டுகிற சனமில்லாத தெருவில்கூடச் சமிக்ஞை விளக்கில் சிவப்புக் கை வெள்ளை மனிதனாக மாறும்வரை நிற்பார். பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு அம்புக்குறியைக்கூட மீறாத பெண்ணைத்தான் அவர்கள் பாதையை விட்டு விலகியவள் என்று எழுதினார்கள். செல்வரட்ணம் நான்கு தடவை சபை அலுவலகத்துக்குப் போனார். நான்கு தடவையும், பலகை சரியாகத்தானே காட்டுகிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள்.

ஒக்ரோபர் பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பலகைகள் திரும்பின. பூசை முடிந்து வீட்டில் முப்பத்தோராம் நாள் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது முதலாவது பஸ் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் வேலைக்குப் புதிது. பலகை காட்டுகிற பக்கம் ஓட்டும்படிதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அவர் ஏழு கிலோமீற்றர் அப்படியே ஓட்டி வந்திருந்தார். இலையுதிர் காலத்து நிறம் பார்க்க வந்த பத்தொன்பது பேர் இறங்கினார்கள். காட்சிமுனை தேடியவர்கள், ஐஸ்கிரீம் தேடியவர்கள், கழிப்பறை தேடியவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் நின்றார்கள். செத்தவீட்டில் வந்தவரை வாங்கோ என்று சொல்வதில்லை. ஆகவே செல்வரட்ணம் பேசாமல் நின்றார். அவர்கள் அந்த மௌனத்தை நூதனசாலைக் காவலாளியின் மௌனமாக எடுத்துக்கொண்டு, எல்லாரும் செய்வதைப் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். முப்பத்தோராம் நாள் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பவும் முடியாது. பத்தொன்பது பேரும் மாலை போட்ட படத்துக்கு முன்னால் இருந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். இருபது நிமிடத்தில் அடுத்த பஸ் வந்தது. அன்றைக்கு மூன்று தடவை உலை வைத்தோம். அடுத்த நாள் இணையத்தில் அந்த வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்திருந்தது. ஒருவர் மட்டும், கழிப்பறை ஒன்றுதான் இருக்கிறது என்று குறை எழுதியிருந்தார்.

சபை ஆட்களை அனுப்பிப் பலகைகளைத் திருப்பியது. விடிய முன்னர் அவை பழையபடி மோர்னிங்சைட்டைப் பார்த்தன. கம்பத்தைச் சுற்றிக் கொங்கிறீட் ஊற்றினார்கள்; கொங்கிறீட்டோடு சேர்ந்து திரும்பின. சாக்கால் மூடினார்கள், சாக்கில் அம்பு எழும்பியது. ஒன்றைக் கழற்றிக் களஞ்சிய அறையில் குப்புறப் போட்டுப் பூட்டினார்கள். அது தரையில் கிடந்தபடி சுவரைப் பார்த்தது, சுவருக்கு அந்தப் பக்கம் மோர்னிங்சைட். மண் குளிரில் உறைந்து இறுகியதுதான் காரணம் என்று ஒரு பொறியியலாளர் எழுதிக் கொடுத்தார். அந்த மாரிக்கு அதுவரை ஒரு நாளும் உறைபனி விழவில்லை.

நவம்பர் முதற்கிழமை சபை ஜனார்த்தனை அனுப்பியது. சபையில் இருந்த ஒரே தமிழன் என்பதால் அவனைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்காபரோவில் பிறந்தவன், விட்பியில் புதுவீடு, முப்பத்தைந்து வயது இருக்கும். றிபன் கட்டிய பழக்கூடையோடு வந்து, கதிரை நுனியில் இருந்தான். பக்கத்து வீட்டு மகேஸ்வரன் அண்ணையும் அங்கே இருந்தார்.

"அங்கிள், ஐ ஆம் ஸோ ஸொறி. உந்த சைன் எல்லாம் ஏன் உங்கட வீட்டைக் காட்டுது எண்டு உங்களுக்கு ஏதும் ஐடியா இருக்கோ?"

"அதுகளைத்தான் கேக்கோணும். பலகை சரியாத்தான் காட்டும் எண்டு நீங்கள்தானே நாலு தரம் சொன்னனீங்கள்" என்றார் செல்வரட்ணம்.

"விசிற்றர்ஸ் கொம்ப்ளெயின்ட் பண்ணினவையோ?" என்று மகேஸ்வரன் அண்ணை கேட்டார். "கத்தரிக்காயிலை உறைப்புக் கூடவாமோ?"

ஜனார்த்தன் சிரிக்கலாமா என்று தெரியாமல் கூடையைப் பார்த்தான். "அங்கிள், உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொன்னால் நான் மேலை கதைச்சுப் பாக்கிறன்."

"நாலாம் பக்கத்திலை ஒரு வரி. அதை எடுங்கோ."

"அது லீகல் டிப்பார்ட்மென்ற். என்ர கையிலை இல்லை அங்கிள்."

"திங்கக்கிழமை காலமை ஏழு மணிக்குப் பலகையைத் திருப்பினது ஆரின்ர கை?"

ஜனார்த்தன் எழுந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தாய் பழக்கியிருந்த மரியாதையோடு, "சரி அங்கிள், அப்ப போயிட்டு வாறன்" என்றான்.

 மகேஸ்வரன் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "டேய் தம்பி, செத்தவீட்டிலை உப்பிடிச் சொல்லப்படாது. பேசாமல் எழும்பிப் போகோணும்."

"ஏன் அங்கிள்?"

"வரவேண்டி வரும்."

அடுத்த நாள் பின்னேரம் நாலு பத்துக்கு வந்து நின்ற பஸ்ஸில் ஜனார்த்தன் இருந்தான். அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகத்தான் காரை எடுத்தேன், 401 நெடுஞ்சாலையில் ஏறியதுவரை ஞாபகம் இருக்கிறது என்றான். அதற்கடுத்த நாள் காரை விட்டு ரயிலில் ஏறினான். கதவு திறந்தபோது இறங்கிய இடம் பஸ்ஸின் படி, எதிரே செல்வரட்ணத்தின் வாசல். வீட்டில் இருந்தபடி வேலை செய்து பார்த்தான். குப்பைவாளி எடுக்க வெளியே வந்தவன் சிலிப்பரோடு வந்து சேர்ந்தான். உல்லாசப் பயணிகளும் விடைபெறும்போது மீண்டும் சந்திப்போம் என்று சொல்லித்தான் போனார்கள், ஆனால் ஆங்கிலத்தில் சொன்னதற்கு அந்த வீட்டில் வலு இருக்கவில்லை. விட்பியிலிருந்து அவன் மனைவி மயூரி போன் எடுத்து, அவரை எத்தனை மணிக்கு விடுவீர்கள் அன்ரி என்று கேட்பாள். நாங்கள் பிடித்து வைத்திருக்கவில்லை பிள்ளை என்று சொல்வேன்.

செல்வரட்ணம் அவனை ஒரு நாளும் வாங்கோ என்று சொல்லவில்லை. இரவும் பகலும் கோபம் அவருக்குள் ஒரே அளவில் எரிந்துகொண்டிருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் வந்ததும் அறிக்கையின் நான்காம் பக்கத்தை எடுத்து நீட்டுவார். "அவவுக்கு வாசிச்சுக் காட்டும்." ஜனார்த்தன் படத்துக்கு முன்னால் நின்று வாசிப்பான். முதற்கிழமை கடகடவென்று வாசித்தான். இரண்டாம் கிழமை, சொந்த விருப்பம் என்ற இடத்தில் தண்ணி கேட்டான். வந்திருக்கும் பயணிகள், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அவன் வரத் தொடங்கி நாற்பத்தோராம் நாள், டிசெம்பர் நடுப்பகுதி, அவன் தாளைக் கையில் வாங்கவில்லை.

"அங்கிள், அந்த வேலியைக் கழற்றச் சொன்னது நான்தான். போட்டோ எடுக்க. மூண்டு நாளைக்கு எண்டுதான் சொன்னனான். பிறகு மறந்துபோனன்."

"பலகை?"

"பிழையாக் காட்டுது எண்டு ஒரு ஈமெயில் வந்தது. அந்த ஞாயிறுக்குப் பதினொரு நாளைக்கு முதல். காலமையிலை அங்கை ஓடப் போற ஒரு மனுசி அனுப்பினவ. நான் திறந்து பாத்தனான்." அவன் அழுதான். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அங்கிள், நான் என்ன செய்ய?"

நாங்கள் எல்லாரும் செல்வரட்ணத்தைப் பார்த்தோம். அவர் அவனுடைய தோளைத் தொடுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அவர்களுக்கு அத்தானைத் தெரியாது. "என்னட்டை அழுது என்ன? போய்ச் சபைக்கு எழுதும்" என்றார்.

ஜனார்த்தன் எழுதினான். இரண்டு பக்கம், கையொப்பம், அந்த ஈமெயிலின் பிரதி. சபை அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் போட்டது. ஜனவரியில் மறுசீரமைப்பு என்று அவனை வேலையை விட்டு நிறுத்தியது. பெப்ரவரியில், ஆறு மாதம் ஆராய்ந்த பின்னர் எடுத்த முடிவு என்று சொல்லி, செல்வரட்ணத்தின் வீட்டை ஒன்பதாம் இலக்கத் தரிப்பிடமாக அறிவித்தது. ஆறு மாதத்துக்கு முந்தி வேரோனிக்கா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. புல்தரையில் ஒரு கண்ணாடிக் கூரையும் இருக்க ஒரு வாங்கும் போட்டார்கள். புதிய விளம்பரப் புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் வீட்டின் படம் இருக்கிறது. மாலை போட்ட படம் யன்னலுக்குள் மங்கலாகத் தெரிகிறது, கீழே தமிழ் விருந்தோம்பல் என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது மூன்றாவது கோடை. ஜனார்த்தன் அஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் காலை வேலை செய்துவிட்டு, எப்படியும் வரத்தானே வேண்டும் என்று இரண்டு மணிக்கே பஸ்ஸில் வந்துவிடுகிறான். இறங்கிய ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாசலில் நின்று, வேலியை யார் கழற்றச் சொன்னது, பலகை எந்தப் பக்கம் காட்டியது, ஈமெயில் எந்தத் திகதி வந்தது என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். தன்னுடைய பெயரையும் சொல்கிறான். சிலர் அழுகிறார்கள், சிலர் கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள். செல்வரட்ணம் கதவுக்கு உட்பக்கம் கதிரை போட்டு, அவன் ஒரு விபரத்தையும் தவறவிடாமல் சொல்கிறானா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் திகதியை மாற்றிச் சொல்லிவிட்டான். பஸ்ஸை மறித்து ஆட்களைத் திரும்ப இறக்கி, முதலிலிருந்து சொல்ல வைத்தார். தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு மகேஸ்வரன் அண்ணை, குப்பை எடுப்பது புதன்கிழமை, பஸ் வருவது இருபது நிமிடத்துக்கு ஒருக்கால், அதற்கு இடம் விட்டுக் காரை நிப்பாட்டுங்கோ என்று சொல்லிவிடுகிறார். யாரும் மேலே ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் அறிக்கையின் மூன்றாம் பதிப்பு தபாலில் வந்தது. எழுத்தின் வடிவத்தை மாற்றியிருந்தார்கள், தாளும் முன்னதைவிடத் தடிப்பு. செல்வரட்ணம் வாசல்படியில் நின்றே உறையைக் கிழித்தார். நான்காம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருந்தது.