படிக்கட்டுக்குக் கீழே பன்னிரண்டு போத்தல்

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு அலுமாரி இருக்கிறது. இருபது கிலோ அரிசிப் பை இரண்டும் வெங்காய மூட்டை ஒன்றும் தாராளமாகக் கொள்ளும். ஆனால் பதினொரு வருடமாக அதில் ஒரு அரிசிப் பை வைக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே இத்தாலி மகாராசா படுத்திருந்தார்.

மகாராசா என்றது ஒரு மரப்பெட்டியை. உள்ளே பன்னிரண்டு போத்தல் சிவப்பு வைன். பரோலோ என்று பெயர், 2010ஆம் ஆண்டுத் திராட்சை. நாங்கள் இத்தாலியில் இருந்த காலத்தில் என் மனுசன் ஞானேஸ்வரன் அல்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வைன் நிலவறையில் வேலை செய்தவர். பீப்பாய் கழுவத்தான் போனார். பதினான்கு வருடத்தில், எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் முதலாளி பியேரோ முதலில் இவருடைய மூக்கைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். 2014இல் நாங்கள் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது பியேரோ இந்தப் பெட்டியையும் ஒரு கொப்பியையும் கையில் கொடுத்து, வருடம் ஒரு போத்தல் திறந்து பார்த்து எழுது, கடைசிப் போத்தல் வரைக்கும் முடிவு சொல்லாதே, முடிவைக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுது என்று சொல்லியனுப்பினார். மற்றச் சனம் இத்தாலியிலிருந்து நகை கொண்டுவந்தது. நாங்கள் வீட்டுப்பாடம் கொண்டுவந்தோம்.

லண்டனிலும் இவருக்கு மூக்குத்தான் சோறு போட்டது. இத்தாலி வைன் இறக்குமதி செய்கிற ஒரு கொம்பனியில், வந்திறங்குவதை மணந்து பார்த்து, இது இப்போது விற்கலாம், இது இன்னும் கிடக்கட்டும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை.

எனக்கோ அந்தப் பெட்டியைக் கண்ணில் காட்டக் கூடாது. லண்டனில் இருந்த என் அண்ணை குடித்தே போனவர். நாற்பத்தொரு வயது. அவருடைய சட்டையில் கடைசிவரை இருந்த அந்த மணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. செத்தவீட்டுக்கு இத்தாலியிலிருந்து வந்து, அவருடைய முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் நின்று, ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் படாது என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

அதனால் ஒவ்வொரு நவம்பரும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். இவர் ஒரு போத்தலைத் திறந்து, கிளாஸில் ஊற்றி, அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்து, மணந்து, ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, என் குசினி சிங்கில் துப்புவார். பிறகு கொப்பியில் எழுதுவார். துப்புகிறதுக்கோ இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தனீங்கள் என்று நான் தொடங்கினால் லேசில் நிற்காது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் தமிழ்க் கடையில் தூள் பகுதியில் நிற்கிறேன். மிளகாய்த்தூள் பையைத் திறந்தவுடனே எந்த மாதம் வறுத்தது என்று மூக்குக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததை வாய் சொல்லிவிடும், கடை முதலாளிக்கு அது பிடிக்காது. சுசிலா பேசாமல் இருந்த நாளைக் காட்டினால் பரிசு தருவேன் என்று இவர் சொந்தக்காரருக்குச் சொல்லிச் சிரிப்பார்.

ஆறு வருடம் அப்படிப் போனது. ஆறு போத்தல். அவர் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

2020 ஏப்ரலில் இரண்டு பேருக்கும் கொரோனா வந்தது. காய்ச்சல் மாறி எழும்பி நடமாடத் தொடங்கிய கிழமை, அடுப்பில் கறியை வைத்துவிட்டு மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கறி அடிப்பிடித்துக் கரியாகி, மணம் மேல்மாடி வரைக்கும் வந்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால் மனுசன் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயில் வந்தபடி ஏசினேன். பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பானைக்குள் குனிந்து மூச்சை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். அந்தக் கரி மணம் அவருடைய மூக்குக்கு எட்டவே இல்லை.

வரும், பொறுங்கோ என்றார் டொக்டர். கராம்பு, தேசிக்காய் என்று காலையும் மாலையும் மணக்கச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. கொம்பனி இவரைக் களஞ்சியத்துக்கு மாற்றியது, பெட்டி அடுக்க. வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த நவம்பரில் கந்தசஷ்டி. ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடிக்கிறவள் நான். மூன்றாம் நாள் வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், குசினி மேசையில் ஏழாவது போத்தல் திறந்திருக்கிறது. இவர் கிளாஸை மூக்கடியில் பிடித்தபடி இருக்கிறார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ தெரியாது.

“நாக்குக்குப் புளிப்புத் தெரியுது, துவர்ப்புத் தெரியுது. மிச்சமெல்லாம் வெறும் தண்ணி,” என்றார். பிறகு, “எனக்கு மணக்கிற காலத்திலை இது பூட்டிக் கிடந்தது, சுசிலா. இப்பதான் திறக்கத் தொடங்குது. நான் பூட்டிப்போனன்.”

அந்தக் குரலைக் கேட்டபிறகு பேசாமல் நிற்க நான் என்ன கல்லா? தாருங்கோ இஞ்சை என்று கிளாஸைப் பறித்தேன். மணந்தால் விரதம் முறியாது, முறிந்தால் முருகன் என்னைக் கேட்கட்டும். அண்ணையின் சட்டைதான் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

வரவில்லை. நான் தலையை நிமிர்த்தி, திரும்பவும் குனிந்தேன்.

“கலியாண வீட்டு வாசலிலை தெளிக்கிற பன்னீர். அதுக்குக் கீழை வேறை ஒண்டு. றோட்டுக்குப் போடுற தார்.”

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பன்னீரும் தாரும் ஒரு கிளாஸுக்குள் இருக்குமா? இவர் சிரிக்கவில்லை. எழும்பிப் போய்க் கொப்பியைக் கொண்டுவந்து முதல் பக்கத்தை விரித்தார். பியேரோவின் கோணல் எழுத்தில் இரண்டே இரண்டு இத்தாலிச் சொல். இந்தத் திராட்சை ஒருநாள் கண் திறந்தால் இவை இரண்டும் வரும், அதுவரை காத்திரு என்று அந்த மனிதர் எழுதி வைத்தது. ரோசாப்பூ. தார்.

எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அந்த நிலவறைப் படியை நான் ஒருநாளும் மிதித்ததில்லை, அந்தக் கொப்பியைத் தொட்டதில்லை. அந்த மனிதர் ஆறு வருடத்துக்கு முன்னால் மூடி அனுப்பியது, ஒரு சொல் பிசகாமல் என் மூக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அன்றைக்கு அவருடைய பழைய குறிப்புகளையும் படித்தேன். 2014, பூட்டு. 2015, இன்னும் பூட்டு, வாழைக்காய் கடித்த துவர்ப்பு. அப்படியே போய், 2019இல், கதவு நீங்குகிறது, இன்னும் ஐந்தாறு வருடம் என்று இருந்தது. அதற்குக் கீழே அவர் எழுதினார்: 2020. நாக்கு நான். மூக்கு சுசிலா.

அதிலிருந்து கந்தசஷ்டி வந்தால் எங்கள் வீட்டில் போத்தல் திறக்கிற வழக்கம் வந்துவிட்டது. மீன் இல்லை, உள்ளி இல்லை, தாளிப்பு இல்லை. வீடும் சுத்தம், பசித்த என் மூக்கும் சுத்தம். ஐயருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ, நான் கேட்கப் போகவில்லை.

2021இல், மணக்கவும் குடிக்கவும் ஏலுமான ஒரு ஆளைக் கூப்பிடுங்கோ என்று நான்தான் கரைச்சல் கொடுத்தேன். வேலையிடத்து ஆட்களைக் கூப்பிட மாட்டாராம், பரிதாபமாகப் பார்ப்பார்களாம். கடைசியில் அடுத்த தெருவில் ஓஃப் லைசன்ஸ் மதுக்கடை வைத்திருக்கிற ஸ்ரீதரன் வந்தார். இவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஸ்ரீதரன் கிளாஸுக்குள் இரண்டு ஐஸ்கட்டியைப் போட்டு, மேலே கோக்கும் ஊற்றி, சுப்பர் அண்ணை என்று ஒரே இழுவையில் முடித்துவிட்டார். இவர் அந்தக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. அந்த வருடம் எனக்குப் பன்னீர் கொஞ்சம் தள்ளி நின்றது, பாயாசத்துக்குப் போடுகிற பிளம்ஸ், அந்தக் காய்ந்த திராட்சை, முன்னுக்கு வந்தது.

2022இல் மூக்கை வைத்தவுடன் நனைந்த காட்போட் பெட்டி. வேறு ஒன்றும் இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மனுசன் வருடம் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு இந்த ஒரு நாளுக்காக இருக்கிறார். ஆனால் என் வாய்க்கு அது வராது. உள்ளதைச் சொன்னேன். கோர்க் பழுது, வைனில் பிழை இல்லை என்று முழுப் போத்தலையும் சிங்கில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, உம்முடைய மூக்குப் பொய் சொல்லாது என்றார். கலியாணம் கட்டி இருபத்துமூன்று வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஆகப்பெரிய பாராட்டு அது.

அடுத்த வருடம் மழைக்குப் பிறகு பார்க்கில் மிதிபடுகிற இலை மணத்தது. அதற்கடுத்த வருடம் காய்ந்த புகையிலையும் காளானும். ஒரே பெட்டி, ஒரே திராட்சை, ஒவ்வொரு தரமும் வேறொரு ஆள் வந்து நிற்கிறது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. நாங்கள் வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அடியில் இருட்டுக்குள் யாரும் தொடாமல், யாரும் பார்க்காமல், அது தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அரிசிப் பை வைக்க இடம் கேட்டுச் சண்டை பிடித்த நான், அலுமாரிக் கதவை மெல்லச் சாத்தப் பழகிவிட்டேன்.

போன வருடம் கடைசிப் போத்தல். 2025, சஷ்டியின் ஆறாம் நாள் மத்தியானம். குனிந்தேன். பன்னீர் வந்தது. தார் வந்தது. பிளம்ஸ், இலை, புகையிலை, ஒன்றையும் ஒன்று மறைக்காமல் எல்லாம் வந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. இவ்வளவு வருடம் தூள் கடையில் நின்ற எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. பிடிக்கப் போனால் நழுவியது.

அவர் ஒரு வாய் எடுத்தார். முதல் தடவையாகத் துப்பவில்லை. துவர்ப்பு முழுக்கப் போய்விட்டது, பட்டாகிவிட்டது என்றார். பேர் தெரியாத ஒன்று இருக்குது என்று நான் சொன்னதும் அவர் கண் மின்னி, உடனே அணைந்தது.

“அது மூக்கும் நாக்கும் ஒரு ஆளிட்டைச் சேர்ந்தால்தான் பிடிபடும். பறவாயில்லை, விடும்,” என்றார். கோர்க்கைத் திரும்பச் செருகினார். “பதினைஞ்சு வருசம் காத்திருந்திட்டு, ஒருத்தரும் முழுசாக் காணாமல் போகப்போகுது.”

அந்த ஒரு சொல் இரவெல்லாம் என்னை அரித்தது. ஒருத்தரும் முழுசாகக் காணாமல்.

விடிய, விரதம் முடிக்கிற பாறணைக்கு நோர்பரியில் ரெயின் எடுத்து, லண்டன் பிரிட்ஜில் நோர்தர்ன் லைன் மாறி, ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறினேன். சன்னிதியில் சனம் நெருக்கியடித்தது. நான் தூணோடு ஒதுங்கி நின்று முருகனோடு கதைத்தேன். அண்ணைக்காக உன்னட்டைச் சொன்னேன், பதினெட்டு வருடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இன்றைக்கு ஒரு வாய், இவருக்காக. கோபம் வந்தால் என்னோடு கோபி, அவருடைய மூக்கை நீ எடுத்தது போதும். அப்படியே சொன்னேன். பிரசாதம் வாங்கிப் பாறணை முடித்து, வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

போத்தல் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. ஊற்றுங்கோ என்றேன். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் எழும்பிவிட்டார்.

“வேண்டாம் சுசிலா. உம்முடைய அண்ணையின்ரை கதை எனக்குத் தெரியும். வேண்டாம்.”

“முருகனோடை கதைச்சிட்டன். நீங்கள் ஊற்றுங்கோ.”

இரண்டு விரல் அளவு ஊற்றினார். அவர் செய்கிற மாதிரியே மணந்து, ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்திருந்தேன். தொண்டை எரியும் என்று நினைத்தேன், எரியவில்லை. நாக்கில் ஒரு புளிப்பு, பிறகு ஒரு மெல்லிய சூடு. பிறகு நேற்று என் மூக்குக்குப் பிடிகொடுக்காத அது, தொண்டைக்குப் பின்னாலிருந்து தானாக ஏறி வந்தது. வந்து நின்றது. விழுங்கினேன், அப்போதும் போகவில்லை. பியேரோவின் மலையும், இவர் கழுவிய பீப்பாய்களும், படிக்கட்டுக்குக் கீழே கிடந்த அத்தனை இருட்டும் சேர்ந்து என் வாய்க்குள் நின்றன. ஐயோ முருகா, இதையா இந்த மனுசன் இவ்வளவு காலம் காத்திருந்தது என்று மனம் அடித்துக்கொண்டது.

அவர் கடைசிப் பக்கத்தை விரித்து, பேனையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன? சொல்லும்.”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் திறந்தேன். பன்னீர் என்று சொல்ல வந்தது, தார் என்று சொல்ல வந்தது, எல்லாம் போதாமல் இருந்தது. கண்ணால் நீர் வழிய அப்படியே நின்றேன்.

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அவருடைய கண்ணும் கலங்கி, முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கறி எரிந்த நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை. குனிந்து ஒரு வரி எழுதி, கொப்பியை என் பக்கம் திருப்பினார்.

முடிவு: சுசிலா ஒன்றும் பேசவில்லை.