வெளிவராத முட்டைகள்

மூன்றாவது நாளும் நக்யன்சியின் டப்பாவில் ஒரு முட்டைகூட இல்லை.

பிருங்கி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கண்ணாடித் துண்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்ல நகர்த்தினாள். தண்ணீரில் தோல்வழியே உடம்புக்குள் புகும் ஏரிப்புழுவின் முட்டைக்கு விலாவில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். பத்து வருஷமாக அதை எண்ணி எண்ணி, கனவில்கூட அவளுக்கு அடையாளம் தெரியும். அந்த ஏரிக்கரைப் படகுத்துறையில் தண்ணீரில் கால் நனைத்தவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் அது இருந்தது. நக்யன்சியோ விடிந்ததிலிருந்து முழங்கால் தண்ணீரில் நின்று வலையிலிருந்து பொடிமீனை உதறுகிறவள். அவளிடம் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

'இது அவளுடைய மலமே இல்லை' என்று பிருங்கியின் மனம் சொன்னது.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. போன சுற்றில் ஒரு குடும்பம் ஆறு டப்பாவையும் ஒரே ஆளைக்கொண்டு நிரப்பி அனுப்பியிருந்தது. ஆறிலும் ஒரே மாதிரி சோளத்தோல் கிடந்ததால் அகப்பட்டார்கள். அன்றிலிருந்து டப்பாவைத் திறக்குமுன் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பது பிருங்கிக்குப் பழக்கமாகிவிட்டது. காலையில் வேலை தொடங்குமுன் அவள் சொல்லும் சின்ன ஜெபத்தில் 'ஏமாறாமல் காத்தருளும்' என்ற வரியும் சேர்ந்துகொண்டது.

நக்யன்சியின் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. நாலு வருஷம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவள், போன வருஷம் மீன்படகுகளோடு தூரத் தீவுக்குப் போய் ஏழு மாதம் விட்டுவிட்டாள். திரும்பி வந்து மறுபடி தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. மாத்திரையில் ஏமாற்றியவள் டப்பாவில் ஏமாற்றமாட்டாளா?

அந்தக் கிருமி உள்ளவர்களிடம் புழு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கத்தான் பிருங்கியின் குழு வந்திருந்தது. முட்டை தெரிந்தவர்களுக்குப் புழு மருந்து உண்டு. பொய்யான டப்பா கொடுத்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் குழு படகேறிவிடும். அடுத்த சுற்றுக்கு ஒரு வருஷம். நக்யன்சிக்கு வயிறு உப்பியிருந்தது, மலத்தில் ரத்தமும் போயிற்று. அவளால் ஒரு வருஷம் காத்திருக்க முடியாது.

அதற்குள் வாசலில் நாலொங்கோ வந்து நின்றாள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற எவளையும் அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் நக்யன்சியின் பக்கத்துக் குடிசைக்காரி. கையில் இரண்டு டப்பா.

"ரெண்டு எதுக்கு, நாலொங்கோ?"

"ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு அவளோடது, முசாவோ. அவளால எழுந்து நடக்க முடியல." மருத்துவ வேலை பார்க்கும் எவரும் அங்கே முசாவோதான். "வழியெல்லாம் நாய் என் பின்னாலயே வருது. இவ்வளவு மரியாதை எனக்கு என் கல்யாணத்துலகூட கிடைக்கல."

பிருங்கி சிரிக்கவில்லை. "முந்தின மூணு நாளும் நீதான் கொண்டுவந்தியா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல'யில் என்ன இருந்தது என்று நாலொங்கோவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோயிற்று. டப்பாக்களை வைத்துவிட்டுப் போனாள்.

பிருங்கி புதிய டப்பா இரண்டு எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினாள். மீன் காயும் வலைப்பரண்களைத் தாண்டி நக்யன்சியின் குடிசை. உள்ளே நக்யன்சி பாயில் சுருண்டு கிடந்தாள். முசாவோவைக் கண்டதும் அந்த நிலையிலும் எழுந்து, ஊர் வழக்கப்படி மண்டியிட்டு வணங்கப் பார்த்தாள்.

"அதெல்லாம் வேணாம். இப்பவே, எனக்கு முன்னாடி, இதுல மலமும் மூத்திரமும் ரெண்டும் குடு. நான் கக்கூஸ் வாசல்ல உக்காந்திருப்பேன்."

பரண்களில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன.

"என்னை நம்பலையா, முசாவோ?"

"ஏழு மாசம் மாத்திரைய விட்டவ நீ."

நக்யன்சி மண்ணைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள். "விட்டேன். அதை உங்ககிட்ட சொன்னது யாரு? நானேதானே? சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பிருங்கி டப்பாக்களின் மூடியைக் கழற்றினாள்.

"நேத்து நாலொங்கோ சொன்னா, 'என்னோடதுல முட்டை கொட்டிக்கிடக்கு, உன் டப்பாவுல கொஞ்சம் போட்டுத் தர்றேன், மருந்து கிடைச்சிடும்'னு. பாவம், நல்ல மனசோடதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முட்டை இருந்தாத்தான் மருந்துன்னு துறைக்கே தெரியும், முசாவோ. ஏமாத்தணும்னா முட்டை இருக்கற டப்பாவத்தானே குடுத்திருப்பேன்? சுத்தமானதைக் குடுத்து எனக்கு என்ன லாபம்?"

இந்தக் கேள்வி மூன்று நாளாகத் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பிருங்கிக்குத் திக்கென்றது. ஆனாலும் டப்பாக்களை நீட்டினாள். காவலும் இருந்தாள். ஊர் பார்க்க, தகரக் கதவுக்கு வெளியே ஒரு கவிழ்த்த கூடையின்மேல்.

அறைக்குத் திரும்பிச் சூடு ஆறுமுன் மலத்தைச் சல்லடையில் தேய்த்துக் கண்ணாடியில் வைத்தாள். ஒரு முட்டைகூட இல்லை.

பிறகு சிறுநீரை எடுத்தாள். அதற்கு ஒரு சோதனைப் பட்டை இருந்தது. உயிரோடிருக்கும் புழு ரத்தத்தில் கக்குவது சிறுநீரில் வந்து அந்தப் பட்டையில் கோடாய்த் தெரியும். நுண்ணோக்கி இருக்கிற தைரியத்தில் அவள் பட்டைகளைப் பெட்டியோடு மூலையில் போட்டிருந்தாள். இரண்டு சொட்டு விட்டாள். வழக்கமான இருபது நிமிஷம் காத்திருக்கத் தேவைப்படவே இல்லை. கோடு மைதீட்டியதுபோல் எழும்பி வந்தது.

புழு இருந்தது, கூட்டமாகவே. முட்டைதான் வெளியே வரவில்லை.

பிருங்கி நாற்காலியில் சாய்ந்தாள். முட்டை தானாக வெளியே நடந்து வருவதில்லை. உடம்பின் காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்து நின்று, குடல் சுவரைத் தாண்டித் தள்ளிவிட வேண்டும். அந்தக் காவல் அணுக்களைத்தான் கிருமி ஏழு மாதமாகத் தின்றிருந்தது. தள்ள ஆளில்லாமல் முட்டைகள் உள்ளேயே தங்கி, குடலையும் ஈரலையும் புண்ணாக்கிக்கொண்டிருந்தன. சுத்தமான டப்பா அவளுடைய பொய்யல்ல, அவளுடைய நோய்.

உடனே குழுத் தலைவர் டாக்டர் ஒகெல்லோவைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"பட்டையில கோடு வந்தா மருந்து குடு, நான் கையெழுத்துப் போடறேன். முட்டை இல்லன்னு சந்தேகப்பட்டு அடிச்ச பேரு வேற இருக்கா?" என்றார் அவர்.

"மூணு இருக்கு, டாக்டர்."

"மூணு பேரையும் பாத்துட்டு வா. படகு நிக்கட்டும்."

வெறும் வயிற்றில் அந்த மருந்து குமட்டும். பிருங்கி தன் மதியச் சாப்பாட்டை, வாழையிலையில் கட்டிய மதோக்கே என்ற வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும், பட்டைப் பெட்டியோடும் மாத்திரைகளோடும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடினாள். குடிசை வாசலில் நாலொங்கோ நக்யன்சியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பரண்களருகே பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

பிருங்கி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். அவர்கள் பார்க்க, நக்யன்சியின் முன் மண்டியிட்டாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க! எழுந்திருங்க, முசாவோ!"

"எல்லாரும் பாக்கத்தானே சந்தேகப்பட்டேன். நீ சொன்னது அத்தனையும் நிஜம். புழு இருக்கு, மருந்தும் உண்டு. என்னை மன்னிச்சுக்க, நக்யன்சி. நீயும்தான், நாலொங்கோ."

நாலொங்கோ தொண்டையைச் செருமினாள்.

"மன்னிப்பெல்லாம் சரி. அந்தக் கூடை என்னோடது. காவல் உக்காந்து அமுக்கிட்டீங்க, முசாவோ."

நக்யன்சி சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிருங்கி இலையைப் பிரித்து முதல் கவளத்தைத் தானே அவள் கையில் வைத்தாள். பாதி சாப்பிட்டதும் கைநிறைய மாத்திரைகளைக் கொடுத்தாள். நக்யன்சி கசப்பில் முகத்தைச் சுளித்து, ஒவ்வொன்றாக விழுங்கி முடித்தாள்.

துறையிலிருந்து படகுக்காரன் புறப்படும் கொம்பை ஊதினான்.

"இன்னும் மூணு வீடு இருக்கு" என்று பிருங்கி எழுந்தாள்.

"வழி தெரியுமா உங்களுக்கு? நான் வர்றேன்" என்றபடி நாலொங்கோ பட்டைப் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "இதுக்காவது நாய் பின்னால வராது."