பெரிய நோன்பும் வனிலா பவுடரும்

இவாந்தியாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. தொண்ணூறு கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஈஸ்டருக்கு மறுவாரம் ஆபரேஷன். தவறவிட்டால் மறுபடி வரிசையில் கடைசியாகப் போய் நிற்க வேண்டும். அவளால் நிற்கத்தானே முடியவில்லை!

நாத்தனார் அரிஸ்தேயா பிடித்து இழுக்க, கிரேக்க நாட்டு வோலோஸ் நகரத்துக் கடைவீதியில் மெல்ப்போ நடத்தும் எடைகுறைப்பு மையத்தில் சேர்ந்தாள். மையம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. உடம்பு பெருத்தவர்களை மூச்சிரைக்க ஏறவைத்து, சுவரில் எலும்பும் தோலுமாக ஒருத்தியின் படத்தை மாட்டி வைப்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! வருகிறவர்களை மெல்ப்போ 'தங்கம்' என்பாள். தராசில் அரை கிலோ கூடினால் தங்கம் தகரமாகிவிடும். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் அவள் விற்கும் வனிலா பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும். எடை குறைந்தால் பவுடரின் மகிமை, கூடினால் உன் வாய்க்கொழுப்பு. எப்படிப் பார்த்தாலும் மெல்ப்போவுக்கு நஷ்டமில்லை.

ஒன்றை மட்டும் இவாந்தியா மறுக்க மாட்டாள். வியாழக்கிழமை மற்ற பெண்கள் பார்க்கத் தராசில் ஏற வேண்டுமே என்ற கூச்சம் அவள் கையைக் கட்டிப்போட்டது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் கறியும் முட்டையும்தான் கூடாது, எள் ஹல்வா ஆகும் என்று டப்பா டப்பாவாக வழித்துத் தின்று, நோன்பிலேயே ஊதிப்போகும் ஊர் அது. தனியாக இருந்திருந்தால் அவளும் ஊதித்தான் போயிருப்பாள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று, பண்டிகை முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்ட சிவந்த விரல்களோடு தராசில் ஏறினாள். எண்பத்தொன்பது. மெல்ப்போ அவளை ஓரமாக அழைத்துப்போய் ஆசை காட்டினாள். சுவரில் படம் மாட்டலாம், ஈஸ்டருக்குப் பிறகும் சும்மா வந்து எடை பார்த்துக்கொள்ளலாம், பவுடரைப் பற்றி எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை சொன்னால் போதும். இவாந்தியாவுக்கு ஈஸ்டர் ஆட்டுக்கறியை நினைத்தாலே பயம். ஆபரேஷன் வரைக்கும் அந்தத் தராசு அவளுக்கு வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

அப்போதுதான் அரிஸ்தேயாவைப் பார்த்தாள். அவள் நோன்பு இருப்பவள் அல்ல. தவறாமல் பவுடர் குடித்து, முகம் வெளுத்து, முடி கொட்டியதுதான் மிச்சம். எடை மட்டும் அப்படியே இருந்தது. இன்னொரு டப்பா வாங்கக் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள் பாவி.

"சொல்லுங்க தங்கம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிச்சீங்க?" என்றாள் மெல்ப்போ.

"ஒரு தடவைகூட இல்லைங்க. டப்பாவுல பால் சேர்ந்ததுன்னு போட்டிருக்கு. பெரிய நோன்புல பாலை எப்படி வாயில வைக்கிறது? எல்லா டப்பாவும் அலமாரியில அப்படியே இருக்கு. எண்ணெய்கூட விடாம அவிச்ச பயறும் கீரையும்தான் தின்னேன்."

ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. கட்டுப்பாடுதான் முக்கியம், நோன்பும் தன் திட்டத்தில் அடக்கம் என்று மெல்ப்போ கூசாமல் சொன்னாள். சிரிப்பு இன்னும் கூடியது. அதோடு அவள் தேன் வடியும் குரல் போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறிய வெட்டுவீங்கல்ல? அப்புறம் எந்தத் தராசுல போய் ஏறுறீங்கன்னு பாக்கறேன்."

இவாந்தியாவின் பயமே அதுதான். அரிஸ்தேயா கைப்பையை மூடினாள்.

"எங்க வீட்டுக்காரர் மீன் மண்டியில தராசு இருக்கு அண்ணி. பெட்டியோட மத்தி மீன் நிறுக்கறது. நீங்க ஏறுங்க, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

அடுத்த வியாழன் மெல்ப்போவின் தங்கங்களில் பாதிப் பேர் மண்டியில் வரிசை கட்டினார்கள். முதலில் இவாந்தியா ஏறினாள். முள் ஆடி ஆடி எண்பத்தொன்பதரையில் நின்றது. ஆட்டுக்கறி அரை கிலோ என்று அரிஸ்தேயா உரக்கக் கணக்குச் சொன்னாள். இவாந்தியா மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, சிரித்தபடியே அழுதாள். ஆபரேஷன் உறுதியாகிவிட்டது. மண்டிக்கு வர ஒரு படிகூட ஏற வேண்டியிருக்கவில்லை.