பிரிட்ஜ் கதவிலிருந்த டப்பா

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குப் பெரியவர் சுயம்புராஜ். அவருடைய தம்பி அனில்குமார். தம்பி மனைவி ஸ்ரீகலா. அவர்களுடைய பெண்மக்கள் நந்தனாவும் ரேஷ்மியும். அதுவரை ஆறாவதாக ஒருவர் உள்ளே வரவில்லை, ஐவரில் ஒருவரும் வெளியே போகவில்லை. ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சித்திரை விஷு கழிந்த மறுநாள்.

நந்தனாவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்; காலையும் இரவும் இன்சுலின் ஊசி. அவர்கள் ஊரான அருமனையில் அது எவருக்கும் தெரியாது. பெண்பிள்ளையின் நோய் ஊர் வாயில் விழக்கூடாது என்று சுயம்புராஜ் சொல்லியிருந்தார். அங்கே அவர் சொன்னால் சொன்னதுதான். மருந்துக்கு மாதாமாதம் திருவனந்தபுரம் போவார்கள். யாராவது கேட்டால் கல்யாண வீடு என்பார்கள்.

ஒன்பது வயது ரேஷ்மிக்கு அந்த நோயின்மேல் தீராத பொறாமை. அம்மா படுப்பது நந்தனா பக்கத்தில். பெரியப்பா எழுந்ததும் கேட்பது நந்தனாவின் சர்க்கரை மீட்டர் கணக்கை. பள்ளிக்கூடம் இருந்தவரை இதெல்லாம் பாதி நாள்தான் கண்ணில் பட்டது. இப்போது நாள் முழுக்கப் பட்டது. ஓடியாட இடமில்லாமல் நந்தனாவுக்குச் சர்க்கரை ஏறவும், வீட்டில் இனிப்பே நின்றுபோனது. இந்த விஷுவுக்குப் பாயசம் வைக்கவில்லை. கொல்லையில் பழுத்த பலாச் சக்கையை அப்பா அப்படியே மதிலுக்கு அந்தப்பக்கம் தேவகனி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

“எனக்கு நாலு சுளையாவது தாம்மா.”

“அவ பாத்தா அவளுக்கும் தின்னக் கொதி வரும் மக்கா.”

“எனக்குக் கொதி வந்தா ஒண்ணுமில்லியா?”

அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். நந்தனாவுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

விஷு அன்றிரவு ஊசி போட்டு முடிந்ததும், பிரிட்ஜ் கதவிலிருந்த மருந்து டப்பாவை எடுத்து மேலே ஐஸ்பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள் ரேஷ்மி. காலையில் காணாமல் தேடட்டும். நந்தனா ஒருநாளாவது ஏச்சு வாங்கட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

நினைத்தபடியே நடந்தது. “ஏட்டி, கடைசியா நீதானே எடுத்த? எங்க கொண்டு வச்ச?” என்று ஸ்ரீகலா வீட்டைப் புரட்டினாள். நந்தனாவுக்குக் கண் கலங்கியது. ரேஷ்மிக்கு அந்தப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அம்மா படுக்கையறைக்குப் போன நேரம் டப்பாவை எடுத்தாள். உள்ளே மூன்று குப்பிகளும் கல்லாக உறைந்திருந்தன. குளியலறைக்கு ஓடி வெந்நீரில் முக்கி எடுத்தாள். மருந்து பழையபடி தெளிந்தது. கதவில் வைத்துவிட்டாள்.

“கண்ணு முன்னால இருந்திருக்கு பாத்தியா!” ஸ்ரீகலா ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

அப்போதுதான் ரேஷ்மிக்கு ஆஸ்பத்திரி நர்சின் குரல் நினைவுக்கு வந்தது. ஐஸ் ஆகிவிட்டால் அது மருந்தல்ல, கொட்டிவிட வேண்டும். போட்டால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. அன்று அதை அவள் கேட்டதே, எல்லாரும் நந்தனாவைச் சுற்றி நிற்கிறார்களே என்ற எரிச்சலோடுதான். சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் ஊசி இறங்கும். நந்தனா கையை நீட்டிவிட்டாள்.

“போடாத அம்மா! அது ஐசாப் போச்சு. நான்தான் மேல வச்சேன்.”

யாரும் அடிக்கவில்லை. அடிப்பதற்கும் அங்கே நேரமில்லை. களியக்காவிளையில் கேரள எல்லையை அடைத்திருந்தார்கள். திருவனந்தபுரம் போக வழியில்லை. அனில்குமார் இரண்டு மருந்துக்கடைக்குப் போன் செய்தார், இரண்டிலும் இல்லை. மீட்டர் முந்நூற்று எழுபதைக் காட்டியது.

சுயம்புராஜ் ரேஷ்மியிடம், “நீ முற்றத்தில போய் இரி,” என்றார். பிறகு ஜன்னலைச் சாத்தினார். பேப்பரில் போட்டிருந்த அவசர உதவி எண்ணை அழைத்து, எவரிடமும் ஒன்று கேட்டறியாத அந்த மனிதர், தன் பெயரையும் வீட்டுப் பெயரையும் பிள்ளையின் நோயையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. முகக்கவசம் போட்ட இரண்டு பேர் ஐஸ் வைத்த பெட்டியோடு இறங்கினார்கள். எல்லாரும் நந்தனாவை நோக்கி ஓடினார்கள். தான் செய்த குற்றமும்கூட அவளைத்தான் நடுவில் உட்கார வைத்தது என்று பிலாமரத்தடியில் ஸ்டூலில் இருந்த ரேஷ்மிக்குத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் மீட்டர் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை மதிலுக்கு மேலே தேவகனியின் தலை தெரிந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

“அண்ணாச்சி, உங்க சின்ன மோளுக்குக் கொரோனாவாமே? ஊரெல்லாம் பறயுது. ஜீப்பு வந்துது, பிள்ள தனியா முற்றத்தில இருந்துது... பாவம், எப்பிடி இருக்கா?”

ரேஷ்மி வாசலில் நின்று கேட்டாள். ஊரெல்லாம் தன்னைப் பற்றியா? அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு இருமல் இருமலாமா என்றுகூட யோசித்தாள்.

சுயம்புராஜ் மதிலருகே போனார். நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

“சின்னவளுக்கு ஒரு நோயும் இல்ல. பெரியவளுக்குச் சுகரு, ரெண்டு வருசமா. ஜீப்பில வந்தது அவளுக்க மருந்து.”