நொண்ட மறந்த செருப்பு

நாச்சம்மாளுக்கு வலது குதிகாலில் வலி வந்தது ஐப்பசியில், போனது மார்கழியில். வந்தது வேலந்தாவளம் ஊர் முழுக்கத் தெரியும். போனதுதான் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்று நாச்சம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள் என்று சொல்வதுதான் சரி. எதிர்வீட்டு ஜானகியம்மாளின் ஜன்னல் காலை நாலரைக்கே திறந்துவிடும். அது எதற்குத் திறக்கிறது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

வந்த வலி நிஜம்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தென்னந்தோப்பு வரப்பில் கால் இடறி, பாலக்காட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஆறு வாரம் ஓய்வு, மெத்தென்ற செருப்பு என்று எழுதிக்கொடுத்தார். ஆறு வாரமும் நாலு மாடுகளையும் மருமகள் யோகப்பிரியா பார்த்துக்கொண்டாள். விடியும் முன் பால் கறந்து, கேனைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, அப்புறம் சமையல். அரசு வேலைத் தேர்வுக்காகப் பக்கத்துச் சித்தூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், "அத்தைக்குக் காலு நல்லாகட்டுமுங்க, அப்பறம் போய்க்கலாம்" என்று புத்தகங்களைப் பீரோ மேல் ஏற்றிவிட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் நாச்சம்மாள் கண்விழித்துக் காலைத் தரையில் ஊன்றினாள். வலிக்கவில்லை. இன்னொரு தடவை ஊன்றிப் பார்த்தாள். சுத்தமாக வலிக்கவில்லை. தொழுவத்திலிருந்து வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது. வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. போர்வைக்குள் இதமாக இருந்தது. இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்த ரெண்டு நாள் பங்குனி வரைக்கும் வந்துவிட்டது.

நொண்டுவதும் லேசான வேலையில்லை. எந்தக் கால் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தை மாசம் ஒரு நாள் கோயிலுக்குப் போகும்போது வலது காலை இழுத்தவள், திரும்பி வரும்போது இடது காலை இழுத்துவிட்டாள். ஜானகியம்மாள் வாசலில் நின்று, "ஏனுங் நாச்சக்கா, வலி இந்தக் காலுக்கு மாறிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"நரம்பு இழுக்குது ஜானகி" என்று சொல்லிவிட்டு நாச்சம்மாள் வேகமாக உள்ளே போனாள். அவ்வளவு வேகம் நொண்டிக்கு ஆகாது என்பது கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

இது இப்படியே ஓடியிருக்கும். அதற்குள் மாரியம்மன் நோன்பு வந்தது. கோயில் வாசலில் மூன்று கிளைக் கம்பத்தை நட்டால், பதினைந்தாம் நாள் அதைப் பிடுங்கும்வரை ஊர் கட்டுப்பாட்டில் இருக்கும். பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊர் திரும்பிவிட வேண்டும். நேர்ந்துகொண்டவர்கள் அவரவர் விரதத்தில் இருப்பார்கள். கம்பம் நட்ட மறுநாள் ஜானகியம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கறிவேப்பிலை அவள் வீட்டிலேயே மரமாக நிற்கிறது.

"உங்க மருமகளுக்கு என்னா மனசுங் அக்கா! கம்பம் புடுங்கற வரைக்கும் செருப்புப் போடறதில்லைன்னு வேண்டியிருக்குதாமா. உங்க காலுக்காக."

நாச்சம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். யோகப்பிரியாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஆமாங்க அத்தை. அஞ்சு மாசமா மருந்துல கேக்கலீங்க, ஆத்தாதான் பாத்துக்கணும்" என்றாள் அவள், சாதாரணமாக, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எதுக்குக் கண்ணு இதெல்லாம்? இந்த வெயில்ல..."

"காப்புக் கட்டியாச்சுங்களே."

மஞ்சள் நூல் மணிக்கட்டில் இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாச்சம்மாளும் வாயைத் திறந்தாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது; வந்து, "தண்ணி கொண்டா" என்று வெளியே விழுந்தது. அதையும் அந்தப் பெண்தான் வெறுங்காலோடு நடந்து போய் எடுத்து வந்தாள்.

பங்குனி வெயிலில் தார்ரோடு இளகி நிற்கும் ஊர் இது. தினமும் மத்தியானப் பாலை ஊற்ற அவள் சொசைட்டிக்குப் போய்வரும்போதெல்லாம் நாச்சம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. நொண்டலை மட்டும் இன்னும் அழுத்தமாக நொண்டினாள். இனி நிறுத்தினால்தான் மாட்டிக்கொள்வாள்.

கம்பம் நட்ட பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, யோகப்பிரியா கிளம்பி நின்றாள். "டாக்டர் சொன்ன செருப்ப நீங்க இன்னும் வாங்கவே இல்லீங்க அத்தை. வாங்க, பாலக்காடு போய்ட்டு மதியத்துக்குள்ள வந்தர்லாம்."

வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

கடை வாசலில் பூத்துக் குலுங்கும் மரங்களோடு ஒரு பெரிய படம். 'வசந்த வரவு' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. எந்த ஊர் வசந்தமோ. பாலக்காட்டில் பங்குனி என்றால் போர்வெல் காற்றைக் கக்கும், பசு மூச்சிரைக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஏசி இருந்தது, அலமாரி அலமாரியாக நிறம் இருந்தது. கிளிப்பச்சையில் வெள்ளைப் பூ வைத்தது, மாம்பழ மஞ்சளில் ரோஸ் வார் போட்டது, மயில்நீலத்தில் முத்து கோத்தது, கத்தரிப்பூ நிறத்தில் கணுக்காலைச் சுற்றிக் கட்டுவது. நாச்சம்மாள் கல்யாணமான நாளிலிருந்து போட்டதெல்லாம் கறுப்பு ரப்பர், இல்லாவிட்டால் மெரூன் ரப்பர். மெரூன், தீபாவளிக்கு.

ஜோமோன் என்ற விற்பனைக்காரப் பையனுக்கு வயது முப்பதாவது இருக்கும். முகத்தில் எப்போதும் ஒரே சிரிப்பு. நொண்டலைப் பார்த்ததும் சட்டென்று ஒரு பழுப்புச் செருப்பை எடுத்து வந்தான். "அம்மே, இது டாக்டர் செப்பல். நல்ல ஸாஃப்ட். காலுக்கு பரம சுகம்."

பார்த்தாலே ஆஸ்பத்திரி வாடை அடித்தது. நாச்சம்மாள் போட்டுக்கொண்டு ஒழுங்காக நொண்டிக் காட்டினாள். கண் மட்டும் மஞ்சள் செருப்பின் பக்கம் போய்ப் போய் வந்தது.

யோகப்பிரியா அதைக் கவனித்துவிட்டாள். "அத்தை, அந்த மஞ்சளப் போட்டுப் பாருங்க."

"என்ற வயசுக்கா? ஊரு சிரிக்கும்."

"ஊரு எதுக்குத்தான் சிரிக்கலீங்க? போடுங்க அத்தை."

நாச்சம்மாள் போட்டாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. குதிகாலில் ஒரு விரல்கடை உயரம். மாம்பழ மஞ்சளின் குறுக்கே ரோஸ் வார் போய், ஓரத்தில் ஒரு சின்னப் பூவில் முடிந்தது. தன் காலையே யாரோ பெரிய இடத்துப் பெண்ணின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எழுந்தாள். கடைக் கோடியில் தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடி வரைக்கும் நடந்தாள். திரும்பி ஒரு நடை. மறுபடி ஒரு நடை. கண்ணாடிக்கு எதிரே நின்று இப்படி ஒரு காலை, அப்படி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள்.

செருப்புக்கடைக் கண்ணாடியில் முழங்காலுக்கு மேல் யாரும் தெரிவதில்லை. அதில் தன் மஞ்சள் கால்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால் வந்து நின்றதை நாச்சம்மாள் பார்த்தாள். வெறுங்கால். விளிம்பெல்லாம் வெடித்து, கட்டைவிரல் அடியில் கொப்புளம் உடைந்து, தார் ஒட்டிக் கறுத்த கால். பளபளவென்ற தரையில் அது நின்ற இடத்தில் மங்கலாக ஈரத்தடம்.

தான் நொண்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அத்தை!" யோகப்பிரியாவின் குரல் உடைந்தது. "நடக்கறீங்க அத்தை! நல்லா நடக்கறீங்க! ஆத்தா கண்ணத் தொறந்துட்டாளுங்க!" கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பி, கடை நடுவில் நின்று அழுதாள்.

செருப்புப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் கூடிவிட்டார்கள். ஜோமோன் ஓடி வந்தான். "ஞான் சொன்னில்லே? இதோட உள்ளுல ஒரு தாங்கல் உண்டு, குதிகாலுக்குள்ளது..."

"செருப்பில்லீங்க, அம்மன்!" என்றாள் யோகப்பிரியா.

"அம்மனும் உண்டு, தாங்கலும் உண்டு" என்று ஜோமோன் சமாதானமாகப் போனான். பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் அதே மஞ்சளில் எட்டாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள்.

நாச்சம்மாள் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். இப்போது நொண்டினால் அம்மனை ஏமாற்றியதாகும். நொண்டாவிட்டால் ஏற்கெனவே ஏமாற்றியது அப்படியே நிற்கும். ஜோமோன் மஞ்சளைப் பெட்டியில் போடும் நேரத்தில் யோகப்பிரியா அலமாரியிலிருந்த கத்தரிப்பூச் செருப்பை ஒற்றை விரலால் தொட்டாள். ஒரு தடவைதான். தொட்டுவிட்டு, அதை முன்னிருந்த மாதிரியே நேராக வைத்தாள். அதையும் நாச்சம்மாள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் யோகப்பிரியா போன் மேல் போனாகப் போட்டாள். புருஷன் பூபதிராஜாவுக்கு, அம்மா வீட்டுக்கு, ஜானகியம்மாளுக்குக்கூட. "ஆமாங் அக்கா, நேரா நடந்தாங்க. அத்தை நடந்தா பூவோடு எடுக்கறேன்னு வேண்டியிருந்தனுங்க. செவ்வாக்கெழம எடுத்தறணும்."

பூவோடு என்றால் நெருப்புச் சட்டி. தணல் நிரப்பிக் கையில் ஏந்தி, வெறுங்காலோடு ஊரைச் சுற்றி வர வேண்டும். இந்தக் காலோடு. நாச்சம்மாள் மடியிலிருந்த செருப்புப் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதுவே தணல் மாதிரி இருந்தது.

வேலந்தாவளம் ஸ்டாப்பிலிருந்து வீடு பத்து நிமிஷ நடை. உச்சி வெயில். "புதுச் செருப்பையே போட்டுட்டு வாங்க அத்தை, ஊரு பாக்கட்டும்" என்று பெட்டியைப் பிரித்து, குனிந்து அவளே மாட்டிவிட்டாள். பழைய ரப்பரையும் பையையும் தானே தூக்கிக்கொண்டாள். நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் தாவித் தாவிப் போனாள். புளியமரத்துக்கு ஒரு ஓட்டம், கரண்டுக் கம்பத்தின் நிழலுக்கு ஒரு ஓட்டம். நாச்சம்மாள் மெத்து மெத்தென்று பின்னால் போனாள்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நாச்சம்மாளால் போக முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள். தார் சுரீரென்றது.

"என்னாச்சுங்க அத்தை? கடிக்குதுங்களா?"

"வலி மார்கழியிலயே போயிருச்சு கண்ணு."

யோகப்பிரியாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சிரிக்கப் பார்த்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு விரலை மடக்கினாள். "தை. மாசி. பங்குனி." மூன்று விரலையும் பார்த்துக்கொண்டே பாலச் சுவரில் உட்கார்ந்தாள்.

"காலைல குளுருச்சு. ரெண்டு நாளுன்னு நெனச்சேன். அப்பறம் சொல்ல வாய் வரலை." நாச்சம்மாள் நின்றபடி சொன்னாள். கால் எரிந்தது. நகரவில்லை.

ஒரு டெம்போ தேங்காய் ஏற்றிக்கொண்டு போனது. யோகப்பிரியா அது வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் நாச்சம்மாள் சமாதானம் சொல்லியிருப்பாள்; திட்டியிருந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டிருப்பாள்.

"போன மாசம் அந்தப் பரீட்ச நடந்துச்சுங்க" என்றாள் கடைசியில். "நான் ஊட்லதான் இருந்தேன்."

நாச்சம்மாள் கழற்றிய மஞ்சள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பூவோட்ட நான் எடுக்கறேன் கண்ணு. என்ற காலுக்கு வேண்டுனது, நானே எடுக்கறேன்."

"எடுங்க. ஆத்தாளுக்கு என்ன சொல்லோணுமோ நீங்களே சொல்லிக்குங்க." எழுந்தாள். "இத உங்க பையன்கிட்டச் சொல்ல மாட்டனுங்க. ஆனா நாளைக்குக் காலைல பால நீங்க கறங்க."

அத்தையின் பழைய ரப்பர் செருப்பை மட்டும் கீழே போட்டுவிட்டு நடந்தாள். தாவவில்லை. வெயிலிலேயே நேராகப் போனாள்.

சனிக்கிழமை நாலரைக்கு நாச்சம்மாள் மாட்டடியில் உட்கார்ந்தபோது எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "அம்மன் மகிமையப் பாருங்க!" என்றது ஜன்னல். அந்தக் குரலில் பக்தி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

திங்கட்கிழமை நாச்சம்மாள் தனியாகப் பஸ் ஏறிப் பாலக்காடு போனாள். ஒரு தடவைகூடப் போடாதது மாதிரி துடைத்த மஞ்சள் செருப்பை ஜோமோனின் முன் வைத்தாள். "மாத்திக் குடு. அந்தக் கத்தரிப்பூ."

"எத்தனை நம்பர் அம்மே?"

ரெண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் மருமகளின் கால் அளவு தெரியவில்லை. நல்லவேளை, பரணில் கழற்றிப்போட்டிருந்த அவளுடைய நீல ரப்பர் செருப்பை ஞாபகமாக மடியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். பிரித்தாள். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. ஜோமோன் சிரிப்பை நிறுத்திவிட்டு அதைத் திருப்பிப் பார்த்தான். "ஏழு" என்றான்.

செவ்வாய் சாயங்காலம் நாச்சம்மாள் மஞ்சள் சேலையில், தணல் சட்டியோடு ஊரைச் சுற்றி வந்தாள். பாவத்துக்கு எடுத்தது புண்ணியமாகப் போய்விட்டது. கால் குணமான நன்றிக்கு எடுக்கிறாள், மருமகள் கஷ்டப்படக் கூடாதென்று தானே எடுக்கிறாள் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. குடங்குடமாக மஞ்சள் தண்ணீர் அவள் காலில் விழுந்தது. குழந்தைகளைக் கொண்டுவந்து காலில் போட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நாச்சம்மாளின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பக்தி என்று ஊர் எடுத்துக்கொண்டது.

தன் வீட்டு வாசலில் யோகப்பிரியா குடத்தோடு நின்றாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அத்தையோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே, பீரோ மேலிருந்து இறங்கிவிட்ட புத்தகங்களுக்குப் பக்கத்தில், கத்தரிப்பூச் செருப்பு பெட்டி பிரிக்காமல் இருந்தது. ஜானகியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள்.

யோகப்பிரியா குடத்தைச் சாய்த்தாள். சாய்த்தவள், ஊற்றாமல் நிமிர்ந்து நாச்சம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் காலுக்கு மொதல்ல ஊத்தட்டுமுங்க அத்தை?"

சட்டி கனத்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மருமகளின் உதட்டோரத்தில் இருந்தது சிரிப்பா, இல்லையா என்று புகையில் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு" என்றாள் நாச்சம்மாள்.

தண்ணீர் விழுந்தது. ரெண்டு காலிலும், குளிரக் குளிர.