சோப்பு டப்பாவின் பூட்டு

நாடகக் குடும்பத்தில் வாக்கப்பட்டவளுக்கு இரண்டே வழிதான். ஒன்று, மேடையேறி நடிக்க வேண்டும். இல்லையென்றால் நடிக்கிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும். அண்ணிக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. டீ போடுவதற்கோ, அவள் என்ன நேர்ந்துவிடப்பட்டவளா? ஆகவே மூன்றாவதாக ஒரு வழியை அவளே வெட்டிக்கொண்டாள்.

அவள் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நாத்தனார் 'அண்ணி' என்று கூப்பிடப்போய் நாடகக் குழு மொத்தத்துக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவள் கண்டுபிடித்த வழி ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, ஒரே ஒரு பலகை. ஒரு ஜோடி நல்ல செருப்பு விலைதான். டப்பாவின் மூடியில் துளை போட்டு ஏழு பொத்தான்கள் வைத்திருந்தாள். ஒன்றை அமுக்கினால் அரங்கமே அதிர இடி இடிக்கும், இன்னொன்றை அமுக்கினால் டெலிபோன் மணி அடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

நாத்தனார்தான் குழுவுக்கு எல்லாம். எழுதுவாள், இயக்குவாள், நடுநாயகமாக நடிக்கவும் செய்வாள். கோபம் மூக்குமேலேயே குடியிருக்கும். அதுவரை சத்தத்துக்கு வந்துகொண்டிருந்தவர் பெரிய பெட்டிக்காரர். நாலு பேர் தூக்க வேண்டிய ஒரு சவுண்ட் மிக்ஸரோடு வருவார், அதன் பின்னால் சௌகரியமாகச் சாய்ந்து தூங்குவார். போன நாடகத்தில் நடிகர் போனை எடுத்து, பேசி, அழுது, வைத்த பிறகுதான் மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் அண்ணிக்கு வாய்ப்பு கிடைத்தது.

"ஒரே ஒரு தடவை, அண்ணி. சொதப்பினா மறுபடி பெரிய பெட்டிக்காரர்தான். அப்புறம் நீங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது" என்றாள் நாத்தனார்.

"சொதப்பினா இதுல சோப்பு போட்டு உன் வீட்டுத் துணியெல்லாம் துவைச்சுத் தரேன், போதுமா?" என்றாள் அண்ணி. வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, கை அந்த டப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று கிடைத்த ஒரே நாற்காலி, அரங்கத்தின் பின்வரிசையில் அந்த டப்பாவுக்கு முன்னால் இருக்கும் நாற்காலிதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அவள் புருஷனுக்கு அந்த ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மனுஷனுக்கு நாடகப் பித்து. ஆனால் எப்போதோ ஒருமுறை பிணமாகப் படுத்திருந்தவர், எதிரே நின்றவர் வசனம் மறந்து திருதிருவென்று விழித்ததும் எழுந்து உட்கார்ந்து எடுத்துக்கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு மறுபடி செத்தும் போனார். அன்றோடு தங்கை அவரை மேடைப்பக்கமே விடவில்லை.

அந்த ஏக்கத்தை அவர் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார். ஒத்திகை ஆரம்பித்தபோது அசல் சத்தங்கள் கைக்கு வரவில்லை. அதுவரை ஒப்பேற்ற, வீட்டில் மைக்கை வைத்து, "ஏங்க, கொஞ்சம் இடி மாதிரி கத்துங்களேன்" என்றாள் அண்ணி. கேட்கவா வேண்டும்? இடி இடித்தார், மணி அடித்தார், நாயாகக் குரைத்தார். ஒத்திகையில் எல்லோரும் அதற்கே நடித்துப் பழகினார்கள். கடைசிக் காட்சியை மட்டும் நாத்தனார் சத்தமே இல்லாமல் கடந்துவிடுவாள். அது அவளுடைய அப்பா போன பிறகு எழுதிய நாடகம். மகள் காலி வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள், உள்ளறையிலிருந்து செத்துப்போன அப்பாவின் குரல், தினம் ராத்திரி கேட்பது போலவே, கதவைச் சாத்தியாயிற்றா என்று கேட்கும், மகள் பேசாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள், விளக்கணையும். ஒத்திகையிலேயே அழுதுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். அந்தக் குரலுக்கென்று கணீர்த் தொண்டைக்காரர் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தாள்.

நாடகத்தன்று மதியம் அண்ணி அரங்கத்திலேயே உட்கார்ந்து, புருஷனின் வாய்ச் சத்தங்களை அழித்து அசல் சத்தங்களை ஏற்றினாள். ஏழு பொத்தானையும் அமுக்கிப் பார்த்தாள். இடி இடியாகவே இடித்தது. மடிக்கணினியையும் பென் டிரைவையும் புருஷன் கையில் கொடுத்து, பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

மறந்தது ஒன்றே ஒன்று. பூட்டைத் திறக்கவில்லை.

இந்த மாதிரிக் குட்டிக் கம்ப்யூட்டர்களில் ஒரு சங்கடம் உண்டு. திடீரென்று கரண்டு போனால் உள்ளே இருக்கும் மெமரி கார்டு கெட்டுத் தொலையும். அதற்காக அண்ணி ஒத்திகை நாட்களிலேயே கார்டைப் பூட்டிவைத்திருந்தாள். பூட்டியபின் கரண்டு எத்தனை தடவை போனாலும் கவலையில்லை. ஆனால் பூட்டைத் திறக்காமல் புதிதாக எதை ஏற்றினாலும், ஏறினாற்போல்தான் இருக்கும். அணைத்துப் போட்டால் புதியது போய்ப் பழையது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊருக்கெல்லாம் இதை விளக்கிச் சொன்னவள், தன் வேலையில் கோட்டைவிட்டாள்.

அரங்கம் நிறைந்தது. முன்வரிசையில் பெரிய பெட்டிக்காரர், வேடிக்கை பார்க்கவென்றே வந்திருந்தார். அண்ணிக்கு வியர்த்துக் கொட்டியது. அதைப் பார்த்த புருஷனுக்கு மனசு கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு மேசை மின்விசிறியைத் தூக்கிவந்தார், சுவரில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினார், விசிறியைச் செருகினார்.

"ஐயோ, எதைப் பிடுங்கினீங்க?"

"ஏதோ சின்ன வயர்தாம்மா."

"அது என் டப்பா!"

பதறிப்போய்த் திரும்பச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அண்ணி பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை, பூட்டி வெச்சிருந்தேன்" என்று சொன்னவளுக்கு, சொல்லி முடிப்பதற்குள் பகீரென்றது. அதற்குள் திரை விலகிவிட்டது.

மேடையில் இருட்டு. நாத்தனார் ஜன்னலருகே நின்று வானத்தைப் பார்த்தாள். அண்ணி கடவுளை வேண்டிக்கொண்டு முதல் பொத்தானை அமுக்கினாள்.

"டம டம டம டம... டமார்!" என்றார் அவள் புருஷன், அரங்கத்தின் எட்டு ஒலிபெருக்கிகளிலும்.

ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எங்கோ ஒரு குழந்தை கெக்கேபிக்கே என்று சிரித்தது. புருஷன் நாற்காலிக்கடியில் குனிந்துகொண்டார். சிரிப்புக்கே இடமில்லாத நாடகம் என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த நாடகம் அது. இடைவேளைகூட வைக்கவில்லை, சோகம் கலைந்துவிடுமாம்.

அமுக்காமல் இருந்துவிடலாம்தான். ஆனால் மணி அடித்தால்தானே போனை எடுக்க முடியும்? வயதான நடிகர் போன் பக்கத்திலேயே நின்றுகொண்டு பரிதாபமாகப் பார்த்தார். அமுக்கினாள்.

"ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்... யாராவது எடுங்கப்பா!"

அவர் எடுத்தார். பழகினவர் ஆயிற்றே, முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புகூட இல்லை. அரங்கம் குலுங்கியது. அடுத்து நாய். நாய் நன்றாகத்தான் குரைத்தது. குரைத்து முடித்து, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டதுதான் தப்பு. பெரிய பெட்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடையிலிருந்து நாத்தனார் பின்வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். துவைக்க வேண்டிய துணிகள் மலைபோல அண்ணியின் கண்முன் வந்துநின்றன.

கடைசிக் காட்சி வந்தது. காலி வீடு. ஜனங்கள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து என்ன கூத்து என்று காத்திருந்தார்கள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

அண்ணியின் விரல் ஏழாவது பொத்தான்மேல் போய் நின்றது. இதில் என்ன கண்றாவி இருக்கிறதென்று சட்டென்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. இருமிவைத்தாரா, பாட்டு பாடிவைத்தாரா?

"ஏங்க, ஏழுல என்ன பேசினீங்க?"

"தெரியலையேம்மா."

நாத்தனார் காத்துக்கொண்டிருந்தாள். குரல் வராவிட்டால் அவள் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்காவிட்டால் நாடகம் முடியாது. ஆனது ஆகட்டும் என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

மழைச் சத்தம் லேசாகக் கேட்டது. தூரத்திலிருந்து, பாதித் தூக்கத்தில், ஒரு குரல்.

"கதவைச் சாத்திட்டியாம்மா? சாரல் உள்ள அடிக்குது பாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தயாராக வாயைத் திறந்திருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். நாத்தனார் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எழுந்திருக்கவில்லை. உள்ளறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாடகத்தில் இல்லாத ஒரு வசனத்தை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"சாத்திட்டேம்ப்பா."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். விளக்கணைந்தது. வெகுநேரம் கழித்துத்தான் கைதட்டல் வந்தது. வந்ததும் நிற்கவே இல்லை.

மேடைக்குப் பின்னால் அண்ணி சோப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் புருஷன், ஓடுவதற்கு வசதியாக. நாத்தனார் கண் மை எல்லாம் கலைந்து வந்தாள்.

"எப்படிண்ணா பேசினே அதை? அப்பாவே உள்ள படுத்திருக்கார்னு நினைச்சுட்டேன். இப்படி நடிக்க எங்க கத்துக்கிட்டே?"

அவர் வாழ்நாளில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. குழுவே சுற்றி நின்று அவர் முகத்தைப் பார்த்தது. 'சும்மா தலையாட்டுங்களேன்' என்று அண்ணி மனசுக்குள் கெஞ்சினாள்.

"பொய் சொல்ல மாட்டேன் பாப்பா. நான் நடிக்கவே இல்ல" என்றார் அவர். "அப்பா மாதிரி பேசிப் பேசிப் பார்த்தேன், வரவே இல்ல. சரிதான் போன்னு உள்ள போய்ப் படுத்துட்டேன். அன்னிக்கு நிஜமாவே மழை. உங்க அண்ணி வாசக்கதவைப் பப்பரப்பான்னு திறந்து போட்டுட்டு இந்த டப்பாவை நோண்டிட்டு இருந்தா. அதான் கேட்டேன்."

அண்ணிக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. மைக்கை அணைக்காமல் விட்டிருந்தாள். இடத்தை நிரப்ப ஏதாவது இருக்கட்டும் என்று அந்தத் துண்டை வெட்டி ஏழாவதில் போட்டவளும் அவள்தான். அன்றைக்கும் அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை.

"அப்பாவும் நடிக்கலையே அண்ணா" என்றாள் நாத்தனார். "தினம் கேட்டார். நான் ஒரு நாளாவது வாயைத் திறந்து பதில் சொன்னேனா? இன்னிக்குத்தான் சொன்னேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய கோபத்தை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டாள்.

"இடியை மாத்துங்க அண்ணி. மணியை மாத்துங்க. அந்த நாய் என் கண்ணுலயே படக்கூடாது."

"நாய்க்கு என்னம்மா குறைச்சல்?" என்றார் புருஷன்.

"நீ சும்மா இருண்ணா. அண்ணி, அந்த ஏழாவது மட்டும் அழியவே கூடாது. பூட்டிடுங்க."

அண்ணி டப்பாவைத் தடவினாள்.

"அது பூட்டித்தான் இருக்கு பாப்பா" என்றாள்.