கலையரசி ஏறினால் திணறும் வேன்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகிற வழியில் ஒரு நீண்ட ஏற்றத்தில்தான் ஷஹீன் பானுவின் வேன் முதன்முதலாகத் திணறியது. அவள் ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகத்தான் மிதித்துக்கொண்டிருந்தாள். வண்டியோ ஒரு நொடி பாய்ந்தது, மறுநொடி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல் தளர்ந்தது. மறுபடியும் பாய்ந்தது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களின் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"இன்னா ஷஹீனு, காலை எடுத்து எடுத்து வைக்கிறியா?" என்றாள் மனோரமா.

"நான் காலை எடுக்கவே இல்லக்கா. அதுவா ஆடுது."

ஷஹீன் பானுவுக்கு நாற்பது வயது இருக்கும். ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் பல வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். கழுத்து எலும்பு தேய்ந்து, குனிந்து தைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு இந்தப் பழைய வேனை வாங்கினாள். கூடத் தைத்த பெண்களையே காலையில் கம்பெனியில் கொண்டுபோய் விடுவாள், சாயங்காலம் அழைத்து வருவாள். இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிற மாடல் அது. சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜினைப் பார்க்க முடியும். ரம்ஜானுக்கு முன்னால் அவள் கணவன் தௌசீப் அகமது முன் சீட்டுகளுக்கு ஆள் வைத்துப் புதுத் தோல் போட்டுக் கொடுத்திருந்தான். ஆனாலும் ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காருவதில்லை. கீழிருந்து சூடு ஏறும். சாப்பாட்டுப் பைகள்தான் அங்கே குவிந்து கிடக்கும்.

அந்த மாதம் கலையரசி புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். கலவை ஊர்ப் பக்கத்துப் பெண். பேரணாம்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வந்தது. முதல் நாள் அவள் பட்ட பாட்டைப் பார்த்து ஷஹீன்தான் பைகளைப் பின்னால் கொடுத்துவிட்டு அவளை முன்னால் உட்கார வைத்தாள். வண்டி திணற ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பெண்களைக் கம்பெனியில் விட்டுவிட்டு ஷஹீன் நேரே மெக்கானிக் அந்தோணியின் ஷெட்டுக்குப் போனாள். அந்தோணி அவளுடைய வேனை மட்டுமே பார்ப்பவன் இல்லை என்றாலும், அதன் ஒவ்வொரு நட்டும் அவனுக்குத் தெரியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கறுத்திருந்தது. புது பிளக் போட்டு, தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

"ஜம்முன்னு போவுது."

ஷஹீன் நம்பாமல் தானும் ஏறிக்கொண்டாள். வழக்கம்போலப் பின் சீட்டில்தான். ஆண் மெக்கானிக் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருவது அவளுக்குப் பழக்கமில்லை. குடியாத்தம் சாலையில் வெகுதூரம் போய்த் திரும்பினார்கள். ஒரு குலுக்கல்கூட இல்லை.

மறுநாள் காலையில் அதே ஏற்றத்தில் அதே திணறல். பெட்ரோல் பில்டரை மாற்றினான் அந்தோணி. ஓட்டிப் பார்த்தான், நன்றாக ஓடியது. மறுநாள் திணறியது. காற்று உள்ளே போகும் பாதையைக் கழற்றித் துடைத்தான். ஓட்டிப் பார்த்தான், நன்றாக ஓடியது. மறுநாள் திணறியது.

"எனக்கே பேஜாரா இருக்குக்கா," என்றான் அவன். "நோவு இருந்தா என்கிட்டயும் காட்டணும்ல? என் கைக்கு வந்தா மட்டும் நல்ல பிள்ளையா இருக்கு."

"அப்ப நான் ஓட்டறது சரியில்லையா?"

"அப்படிச் சொல்லல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏத்தத்துல கியர கொஞ்சம் முன்னாலயே மாத்திப் பாருங்க," என்றான்.

மாற்றிப் பார்த்தாள். பிரயோஜனம் இல்லை. தன் காலே தன் பேச்சைக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்கூட ஓட்டினாள்.

பிறகு ஒரு நாள் கலையரசி சொந்தக்காரர் கல்யாணத்துக்காக லீவு போட்டாள். அன்று வேன் ஏற்றத்தில் வழுக்கிக்கொண்டு ஏறியது. மறுநாள் அவள் வந்தாள். வேன் திணறியது. பின் சீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. சாயங்காலம் கலையரசி தன் தெருமுனையில் இறங்கிப் போனதும் மனோரமா வாய்விட்டே சொன்னாள்.

"அவ வந்த வாரமே ஓவர்டைம நிறுத்திட்டாங்க. இப்ப வண்டி. சில பேரு கால் ராசி அப்படி, ஷஹீனு. தப்பா நெனைக்காத."

"சும்மா இருங்கக்கா. இரும்புக்கு ஆளு தெரியுமா?"

"எனக்கு இன்னா தெரியும்? நடக்கறத சொன்னேன்."

மற்றவர்களில் இளையவளான உமைமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பேச்சு எப்படியோ கலையரசியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அவள் தெருமுனையில் நிற்கவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்று போனில் ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தாள். அன்றும் அடுத்தடுத்த நாட்களும் வேன் ஒழுங்காக ஓடியது. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஷஹீனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

"எடை ஜாஸ்தியா இருக்கும்," என்றான் தௌசீப், வீட்டில் சாப்பிடும்போது.

"எடையா? மனோரமாக்கா ஒருத்தரே கலையரசி மாதிரி ரெண்டு பேரு. அவங்க ஏறுனா ஒண்ணும் ஆகலையே."

"அப்ப நீயும் ராசின்னு நம்பறியா?"

"நம்பல. ஆனா அவ வந்தா திணறுது, வரலன்னா ஓடுது. இதுக்கு நீங்க இன்னா சொல்றீங்க?"

தௌசீப் இன்னொரு ரொட்டியைக் கறி ஆணத்தில் தோய்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷஹீன் கலையரசியின் வீட்டுக்குப் போனாள். கலையரசி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஷஹீனைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றாள். அது ஏற்கெனவே பிழிந்த சட்டை.

"பஸ்ல போறது எப்படி இருக்கு?"

"தெனம் வாந்திதாங்க்கா. கம்பெனிக்குப் போனதும் தல சுத்துது."

"இப்ப என்கூட வர்றியா? அந்தோணி ஷெட்டு வரைக்கும்."

கலையரசி அவளை நேராகப் பார்த்தாள். "என்னக் கூப்பிட வந்தீங்களா, வண்டிய செக் பண்ணக் கூப்பிடறீங்களா?"

ஷஹீன் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எது பொய் என்றே அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"எனக்கே தெரியலம்மா. ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்."

கலையரசி சட்டையைக் கொடியில் போட்டாள். உள்ளே போய்த் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தோணி ஷெட்டைத் திறந்து வைத்திருந்தான். இந்த முறை ஷஹீன் ஓட்டினாள். கலையரசி பக்கத்தில், அந்தோணி பின்னால். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததுமே வண்டி பாய்ந்து தளர்ந்தது, மறுபடியும் பாய்ந்தது.

"தோ! தோ வந்துடுச்சு!" என்று அந்தோணி கத்தினான். இத்தனை நாளாகத் தேடிய ஆளைக் கண்ட சந்தோஷம் அவனுக்கு.

கலையரசியின் முகம் வாடிவிட்டது. "பாத்தீங்களா, நான்தான்," என்றாள் மெல்ல.

"இரும்மா. நீ பின்னால வா, நான் அங்க ஒக்கார்றேன்."

இடம் மாறினார்கள். வண்டி அப்போதும் திணறியது. ஷஹீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பதான் நீ முன்னால இல்லையே!"

"வண்டிக்குள்ள இருக்கேன்ல," என்றாள் கலையரசி. சட்டென்று, "நிறுத்துங்கக்கா," என்றாள். நின்றதும் இறங்கிச் சாலையோரப் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். "நான் இல்லாம போய்ட்டு வாங்க."

அவளை அங்கே விட்டுவிட்டுப் போவது ஷஹீனுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் கிளம்பினாள். அந்தோணி முன் சீட்டிலேயே இருந்தான். கண்ணாடியில் கலையரசி சின்னதாகிக்கொண்டே போனாள். வண்டி வேகம் எடுத்தது. ஷஹீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. அவ்வளவு மோசமாக அது ஒருநாளும் ஆடியதில்லை. அவளுக்கும் ஒருநாளும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வழியிலேயே வண்டியைத் திருப்பினாள். மரம் கண்ணில் பட்டதுமே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஆடுது கலை! நீ இல்லாமயும் ஆடுது!"

கலையரசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்படியானால் விஷயம் அந்தச் சீட்டில் இருக்கிறது. அதில் ஆள் உட்கார்ந்தால் திணறுகிறது. அந்தோணி ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அந்தச் சீட்டு காலியாக இருந்திருக்கிறது. ஷெட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கினார்கள். அந்தோணி டார்ச் அடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். வயர்கள் சரி, குழாய்கள் சரி. சீட்டைத் தூக்கி வைத்தபடியே இன்ஜினை முடுக்கினான். ஒரே சீராக உறுமியது.

"ஒண்ணும் இல்லையே," என்றான். தலையைச் சொறிந்துகொண்டான்.

"சீட்டைத் தூக்கிட்டா எப்படித் தெரியும்?" என்றாள் ஷஹீன். "ஒக்காந்தாத்தானே வருது. நீ பாக்கறப்ப யாரும் ஒக்காரலையே."

அந்தோணி அவளைப் பார்த்தான். அடுத்த நிமிடம் தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஷஹீன் சீட்டை இறக்கி வைத்தாள், கலையரசி வந்து அதன் பக்கத்தில் நின்றாள்.

"ஒக்காரும்மா," என்று கீழிருந்து குரல் வந்தது. உட்கார்ந்தாள். இன்ஜினின் சத்தம் மாறியது. "எழுந்திரு." சத்தம் சீரானது. "ஒக்காரு."

டார்ச் வெளிச்சம் கீழே ஒரே இடத்தில் நின்றது. அப்புறம், "அடப்பாவி!" என்றான் அந்தோணி.

சீட்டுக்கு அடியில் புதிதாக ஒரு பிளைவுட் பலகை இருந்தது. தோல் போட்டவன் உளுத்துப்போன பழைய அடித்தட்டை எடுத்துவிட்டுத் தடிமனான பலகையை வைத்திருக்கிறான். சீட்டைத் தாங்குகிற ரப்பர் கட்டைகளைத் திரும்ப வைக்க மறந்துவிட்டான். பைகள் இருக்கும்வரை ஒன்றும் இல்லை. ஆள் உட்கார்ந்தால் பலகை இறங்கி, விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயை வளைத்தது. குழாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. வளைந்தால் அது வாயைத் திறந்து, வேண்டாத காற்றை இன்ஜினுக்குள் விட்டது. சீட்டைத் தூக்கினால் குழாய் நிமிர்ந்து, வெடிப்பு மூடிக்கொண்டது.

அந்தோணி குழாயை மாற்றினான், பலகையைச் செதுக்கினான், ரப்பர் கட்டைகளை வைத்தான். சேதி கேட்டு ஓடி வந்த தௌசீப், தோல் தைத்தவனைப் பத்து நிமிடம் போனில் திட்டினான்.

திங்கட்கிழமை காலை ஷஹீன் பழைய குழாயைப் பின்னால் கொடுத்தாள். பெண்கள் கைமாற்றிப் பார்த்தார்கள். உமைமா அதை வளைத்து வளைத்து வெடிப்பு திறப்பதைப் பார்த்தாள். மனோரமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, வண்டி ஆடுனது இந்த ஓஸ் பைப்பால. அப்ப ஓவர்டைம் நின்னுச்சே, அது?"



கலையரசி தெருமுனையில் நின்றிருந்தாள். ஷஹீன் முன் கதவைத் திறந்துவிட்டும் அவள் பின்பக்கமாகவே ஏறிக்கொண்டாள். "இங்கயே இருக்கேங்க்கா." வேன் ஏற்றத்தில் ஏறியது. எல்லோரும் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஏறி முடித்துச் சமதரைக்கு வந்ததும் கலையரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்து ஷஹீனு, நிறுத்து!" என்றாள் மனோரமா. அவளே கீழே இறங்கி, குனிந்து நின்ற கலையரசியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, எவரையும் பார்க்காமல், "போய் முன்னால ஒக்காரு," என்றாள்.

கலையரசி திறந்த கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"ஒக்காந்தா ஆடாதுல்லக்கா?"

"ஆடாதும்மா," என்றாள் ஷஹீன். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு சின்ன சந்தேகம் வந்தது.

கலையரசி ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். மேலே இருந்த கைப்பிடியைப் பற்றி உடம்பைப் பாதி தூக்கியபடியே இருந்தாள். ஷஹீன் மெதுவாக ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வண்டி சீராகத்தான் போனது. ஆனாலும் ஆம்பூர் வரும்வரை கலையரசி தன் முழு எடையையும் அந்தச் சீட்டில் விடவில்லை.